மச்சான் திருகிய டைமர்

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. இதை வெளியே சொல்லாதே என்பாள் என் மனைவி. அவளுடைய கூடப்பிறந்த தம்பி ஆயிற்றே. சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டதில் எனக்குத்தான் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன், வருகிற பொல்லாப்பு வரட்டும்.

நாங்கள் மூன்று பேருமே ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். இரும்பு வார்ப்புகளை வாங்கி, ஓரத்தைத் தேய்த்து, துளை போட்டு, வண்டி கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். நான் எலக்ட்ரீஷியன், ஏ ஷிஃப்ட். காலையில் போய் மதியம் வெளியே வருவேன். மனைவிக்கு பி ஷிஃப்ட், மதியம் உள்ளே போவாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகளுக்கு யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று நாங்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று குழம்பு எந்தச் சட்டியில் இருக்கிறது, பால் காய்ச்சியாகிவிட்டதா என்று பேசிக்கொள்வதுதான் வார நாட்களில் எங்கள் குடும்ப வாழ்க்கை.

அவளுக்கு கிரைண்டிங் பூத்தில் வேலை. வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கையடக்க கிரைண்டரால் தேய்த்து எடுக்க வேண்டும். ஆழமாகத் தேய்த்தால் பீஸ் போச்சு, மேலாகத் தேய்த்தால் திரும்பி வந்துவிடும். அவள் கை போல யார் கையும் வராது என்று சூப்பர்வைசரே சொல்வார். அதற்கு முன்னால் அவள் பார்த்த வேலைகளில் எல்லாம் யாருக்காவது சமைத்துப் போட்டாள், யார் குழந்தையையாவது பார்த்துக்கொண்டாள். இங்கேதான் அவளுக்கென்று ஒரு மெஷின், ஒரு இடம். அவள் ஷிஃப்டில் அந்த பூத்துக்குள் வேறு யாராவது நின்றால் அவளுக்குப் பொறுக்காது.

மச்சான் பி ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன். ஐடிஐ முடித்துவிட்டு வாலாஜாபாத்தில் பைக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனை, மாமியார் அழுத அழுகைக்காக, இன்சார்ஜிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவன் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

சண்டைக்கு வருவதற்கு முன்னால் மெஷினைச் சொல்ல வேண்டும். கிரைண்டிங் பூத்தின் பின்சுவரில் ஒரு சல்லடை இருக்கிறது. அதன் வழியாகப் பெரிய ஃபேன் ஒன்று காற்றை இழுக்கும். தூசியும் அந்தக் காற்றோடு குழாய் வழியாகப் போய், ஷெட்டுக்கு வெளியே நிற்கிற தகரக் கூண்டுக்குள் நுழையும். அதுதான் டஸ்ட் கலெக்டர். உள்ளே நீள நீளமான துணிப் பைகள் வரிசையாகத் தொங்கும். காற்று பையைத் தாண்டி மேலே போய்விடும், தூசி பையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டே போனால் பை அடைத்து, ஃபேன் இழுத்தாலும் காற்று வராது. காற்று வராவிட்டால் தூசி எங்கே போகும்? பூத்தில் நிற்கிறவள் மூக்குக்குத்தான் போகும்.

அது நடக்காமல் இருக்க ஒவ்வொரு வரிசைப் பைக்கும் மேலே ஒரு வால்வு உண்டு. கண் இமைக்கிற நேரம் அது திறந்து, கம்ப்ரெஸர் காற்றால் பைக்குள் ஓங்கி ஒரு அடி கொடுக்கும். பை உதறிக்கொள்ளும், தூசி கீழே தொட்டியில் விழும். எந்த வால்வு எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்கிற சின்னப் பெட்டிதான் டைமர். அதில் இரண்டு திருகுகள். எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. அந்த இரண்டாவது திருகுதான் எங்கள் குடும்பத்தைப் பிரித்தது.

அந்தப் பெட்டியை வயர் பண்ணியவன் நான். கலெக்டரைக் கொண்டுவந்து நிறுத்திய கான்ட்ராக்டர் ஆட்கள் ஃபேனுக்கு மட்டும் லைன் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். டைமர் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. முதலில் மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டேன். வால்வு காயில் எத்தனை வோல்ட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், அதைப் படித்தேன். படிக்காமல் லைன் கொடுத்து போர்டைக் கருக்கியவர்கள் உண்டு. என் மச்சானே ட்ரெயினிங்கில் ஒன்றைக் கருக்கிவிட்டு, மழை வந்ததால் என்று சொன்னவன். அன்று வெயில் கொளுத்தியது.

வால்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வயர், பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு வயர். ஒவ்வொரு முனையிலும் நம்பர் போட்ட வளையம் மாட்டினேன். கேபிள் நுழைகிற துளையைப் பெட்டியின் அடிப்பக்கம் வைத்தேன், மேலே வைத்தால் முதல் மழைக்கே தண்ணீர் இறங்கிவிடும். மொத்தம் எத்தனை வால்வு என்று டைமருக்குச் சொல்ல உள்ளே ஒரு சின்ன பின் உண்டு. அதை மாற்றாமல் விட்டால் இல்லாத வால்வுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொண்டு சும்மா நிற்கும். இன்னொன்றும் செய்தேன். அடுத்தடுத்த வரிசைகளை அடிக்க விடவில்லை, ஒன்று விட்டு ஒன்று அடிக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். பக்கத்துப் பையை உடனே அடித்தால் இந்தப் பையில் உதிர்ந்த தூசி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. உள்ளே என் பெண்டாட்டி நிற்கிறாள், அதனால் செய்தேன்.

கடைசியாகப் பையின் இரண்டு பக்கத்துக்கும் காற்றழுத்தம் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டுகிற கேஜ். பை அடைக்க அடைக்க முள் ஏறும். எதுவரைக்கும் சரி, எங்கே தொட்டால் ஆபத்து என்று பச்சையிலும் சிவப்பிலும் பெயின்ட் வைத்தேன். திருகு எங்கே இருக்க வேண்டும் என்றும் ஒரு கோடு போட்டேன். மெயினை ஏற்றியதும் டப் என்று முதல் அடி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து அடுத்தது. அன்று ஷிஃப்ட் முடிந்து கேட்டில் பார்த்தபோது மனைவியிடம் சொன்னேன், அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் உனக்குப் பயமில்லை என்று. அவள் சிரித்தாள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் போனால் முள் பச்சையின் விளிம்பில் நிற்கிறது, அடி விழுகிற சத்தத்தையே காணோம். பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது திருகு என் கோட்டை விட்டு வலது கோடிக்குப் போயிருந்தது. மதியம் மச்சான் உள்ளே வரும்போது பிடித்தேன்.

“இன்னாடா, டைமரத் தொட்டியா?”

“ஆமா மாமா. சும்மா டப்பு டப்புனு அடிச்சிக்கினே கீது. ஒவ்வொரு தபாவும் ஏர் டவுன் ஆவுது. அந்தாண்ட லைன்ல அலாரம் வந்து என்னத்தான் கேக்குறாங்க.”

“பை அடைச்சிக்கும்டா. உள்ள உங்க அக்கா நிக்குது.”

“அக்காவுக்கு இன்னா மாமா, அதான் மாஸ்க் கீதுல்ல.”

அந்த மாஸ்க் பூத்துக்குப் போதாது. ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் அது கறுத்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏர் ஏன் இறங்குகிறது என்றும் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். காற்றுக் குழாயில் பாதி இணைப்பு ஒழுகுகிறது. காது கொடுத்தால் உஸ் என்று கேட்கும். அதைத் தேடி அடைக்க ஏணி ஏற வேண்டும், சட்டை அழுக்காகும். திருகைத் திருப்ப ஒரு விரல் போதும். துரைக்கு அதுதான் தோது.

அன்றிலிருந்து நான் காலையில் திருகைக் கோட்டுக்குக் கொண்டுவருவேன், அவன் மதியம் கோடிக்குத் தள்ளுவான். நான் உள்ளே இருக்கிற நேரம் முழுக்க பை உதறிக்கொண்டிருக்கும். என் மனைவி உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும். என் ஷிஃப்டில் பூத்தில் நின்றவர்கள் வடக்கேயிருந்து வந்த பையன்கள். அவர்களுக்கு நல்ல காற்று கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் வீட்டுக்காரிக்கு அவள் தம்பி கொடுக்கிற காற்றுதான் கிடைத்தது.

மெயின்டனன்ஸ் இன்சார்ஜிடம் போனேன். மதுரைப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். என்னிடமிருந்து பாதி கேட்டதும் கையைக் காட்டினார். “இந்தா பாருங்கப்பா, மாமன் மச்சான் சண்டையெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க. இங்கிட்டுக் கொண்டாராதீங்க.” சரி என்று வீட்டில் பேசினேன். மனைவி சாதம் வடித்துக்கொண்டே சொன்னாள்: “கம்பெனி சண்டைய கம்பெனியோட வெச்சிக்க. அவன் சின்னப் பையன், இப்பத்தான் பொழைக்க வந்துகிறான்.” அந்தச் சின்னப் பையனுடைய பிள்ளை எல்கேஜி போகிறது. கம்பெனியில் கேட்டால் அது வீட்டுச் சண்டை, வீட்டில் கேட்டால் அது கம்பெனிச் சண்டை. நான் எங்கே போய்க் கத்துவது?

இதற்கு நடுவில் கைஸன் வந்தது. வேலையில் சின்னதாக ஒரு முன்னேற்றம் செய்து காட்டுவதற்கு ஜப்பான்காரர்கள் வைத்த பேர் அது. எங்கள் கம்பெனியில் அதற்கு அர்த்தம், முன்பு என்று ஒரு போட்டோ, பின்பு என்று ஒரு போட்டோ, நடுவில் ஒரு அம்புக்குறி. மாதா மாதம் போட்டி, ஜெயித்தவனுக்கு கேன்டீனில் கைதட்டலும் ஒரு பரிசும். என் மச்சான் என்ன செய்தான் தெரியுமா? என் கோட்டில் இருந்த திருகை முன்பு என்று போட்டோ எடுத்தான். கோடிக்குத் தள்ளிய திருகைப் பின்பு என்று எடுத்தான். கம்ப்ரெஸர் காற்று மிச்சம், கரண்ட் மிச்சம் என்று எழுதி ஒட்டினான். முதல் பரிசு, ஹாட் பாக்ஸ். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்று என் மனைவி கை சிவக்கத் தட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் வைத்ததுதான் சட்டம். இன்சார்ஜ் திருகின் மேலே டேப் ஒட்டி, யாரும் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அடுத்த நாள் அதைக் கிழித்தேன். மெமோ கொடுத்தார்கள், இன்னொரு தடவை என்றால் கேட்டுக்கு வெளியேதான் என்றார்கள். கேஜையாவது பாருங்கள் என்று இன்சார்ஜை இழுத்துக்கொண்டு போனேன். முள் கீழே படுத்திருந்தது. பின்னால் கை விட்டுப் பார்த்தால், கேஜுக்கு வருகிற குழாயில் ஒன்றைக் கழற்றி, மடித்து, நுனியில் டேப் சுற்றி வைத்திருக்கிறது. குழாய் தானாகக் கழன்று தானாக டேப் சுற்றிக்கொள்ளாது. “தேஞ்சு போன சாமான், கழண்டிருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

பொங்கல் வந்தது. எங்கள் பக்கம் கூடப்பிறந்தவன் அக்கா வீட்டுக்கு வரிசை கொண்டுவருவான். காலையிலேயே பைக்கில் கரும்பு கட்டிக்கொண்டு, மஞ்சள் கொத்து, வெல்லம், புடவை என்று பென்னலூரில் எங்கள் வாசலில் வந்து இறங்கினான். பச்சரிசியை மட்டும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பளபளவென்று புது ஹாட் பாக்ஸ். நான் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அடியில் கைஸன் வின்னர் என்ற ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

“பாத்தியா?” என்றாள் மனைவி. “கம்பெனில குடுத்தத பொண்டாட்டிக்குக் கூட குடுக்காம, அக்காவுக்குன்னு எடுத்தாந்துகிறான்.” அவள் கண் கலங்கியிருந்தது. அவன் சோபாவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். “இன்னும் ரெண்டு வை அக்கா” என்றான். என் பெண்டாட்டியின் மூச்சை அடைத்ததற்குக் கொடுத்த பரிசை என் பெண்டாட்டிக்கே வரிசையாகக் கொண்டுவந்தவனை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் பிறகு அவள் இட்லியை அந்த ஹாட் பாக்ஸில்தான் வைப்பாள். நான் தட்டில் ஆறிப் போனதைத்தான் சாப்பிடுவேன். வீம்புதான், இருக்கட்டும்.

அவள் இருமத் தொடங்கியது அதற்கு முன்பே. பனி என்றாள். பனி போய் வெயில் வந்தது, இருமல் போகவில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், படுத்தால் அடைக்கிறது என்று. துப்புவது கறுப்பாக இருந்தது. மாடியில் துணி காயப் போடப் போனால் நடுப்படியில் நின்றுவிட்டுப் போவாள். கம்பெனி டாக்டரிடம் சொல் என்றால், சொன்னால் பூத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றாள். அந்த இடம் போய்விடும் என்ற பயம் அவளுக்கு, அவளே போய்விடுவாள் என்ற பயம் எனக்கு.

வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற மெடிக்கல் வந்தது. ஒரு குழாயில் மூச்சைப் பிடித்து ஊத வேண்டும். பி ஷிஃப்ட் ஆட்களை வேலைக்கு முன்னாலேயே வரச் சொல்லியிருந்தார்கள். நான் மதியம் வெளியே வந்தபோது அவள் கேட்டை ஒட்டின வேப்பமரத்தடியில் நின்றாள்.

“ஊதச் சொன்னாங்க. ஊதுனேன். பத்தலயாம்” என்றாள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப ஊத வேண்டும். அதுவரை இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார வேண்டும். அவள் கான்ட்ராக்ட் ஆள், அப்போதும் பத்தாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். அவளுடைய பூத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தியாகிவிட்டது. அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

நான் அங்கிருந்தே திரும்பி இன்சார்ஜிடம் போனேன். இப்போதாவது அந்த டைமரைப் பாருங்கள் சார் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்க மச்சானே சொல்லிட்டாப்லயேப்பா. அவங்களுக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே இழுப்பு இருக்காம்ல? டாக்டர்கிட்டயும் சொல்லிட்டோம். நம்ம தூசியால ஒண்ணுமில்ல.”

சின்ன வயதிலிருந்தே நோய் என்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, திருகுக்குப் பொறுப்பில்லை, கேன்டீன் சுவரில் ஒட்டிய போட்டோவுக்கும் பங்கமில்லை. அவளை வெளியே அனுப்புவதும் சுலபம். தன் போட்டோ கிழியக் கூடாது என்று கூடப்பிறந்தவளுக்கு நோயாளி என்று முத்திரை குத்திவிட்டான். அவனை அன்று தேடினேன். அகப்படவில்லை, அகப்பட்டிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

“யாரு சொன்னது?”

“உன் தம்பி.”

“இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன். கீரையை முறத்தில் வைத்தாள். இருமினாள். அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: “எங்க ஊரு ஏரிய இக்கரைலேர்ந்து அக்கரைக்கு நீந்துனவ நான். அவனுக்கு நீச்சல் தெரியாது. முதுகுல ஏத்திக்கினு போவேன்.” அவ்வளவுதான். தம்பியைத் திட்டக்கூட இல்லை. எனக்கு அதுவே கோபமாக இருந்தது. சாயங்காலம் ஹாட் பாக்ஸைச் சபீனா போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை அதைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் மெயின்டனன்ஸ் மேஜையில் நாங்கள் எல்லோரும் நிற்போம். போகிறவன் வருகிறவனிடம் என்ன ஓடுகிறது, என்ன நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இன்சார்ஜ் நாற்காலியில் இருந்தார், மச்சான் எதிரில், நான் ஓரமாக. அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து விவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் வந்து ஹாட் பாக்ஸை மேஜையில் வைத்தாள். கனமாக வைத்த சத்தம் கேட்டது.

“இந்தா தம்பி, உன் பாத்திரம்.”

“இன்னாக்கா, இங்க எடுத்தாந்துகிற?”

“பொங்கலுக்கு வந்த பாத்திரம், திருப்பித் தர மறந்துட்டேன். வெறும் பாத்திரமா அனுப்பக் கூடாதுன்னு நம்ம அம்மா சொல்லுமில்ல? அதான் ஏதோ கொஞ்சம் போட்டு எடுத்தாந்தேன்.”

எங்கள் வீடுகளில் யார் பாத்திரம் வந்தாலும் காலியாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அவன் ஏதோ பலகாரம் என்றுதான் நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தான். உள்ளே விளிம்பு வரைக்கும் கருந்தூசி. அரிசி அளக்கிற மாதிரி தலைதட்டி நிரப்பியிருந்தாள். ஷெட் விளக்கில் அதில் இரும்புத் துகள் மின்னியது.

“என் பூத்துது” என்றாள். “வர்ற வழில சல்லடைக்கு அடில கூட்னது. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இழுப்புன்னு சொன்னியாமே? உன்ன முதுகுல ஏத்திக்கினு ஏரில நீந்துனேனே, அப்ப எனக்கு இழுத்துதாடா?”

அவன் மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தினான்.

இன்சார்ஜ் எழுந்தார். “அம்மா, இதெல்லாம் இங்கிட்டு வந்து பேசக் கூடாது.”

“குடும்ப விசயம்னு நீங்கதான சார் சொன்னீங்க? நான் குடும்ப விசயந்தான் பேசிக்கினு கீறேன். நீங்க குறுக்க வராதீங்க.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். இறங்குகிற ஷிஃப்டும் ஏறுகிற ஷிஃப்டும் அங்கே நின்றுவிட்டன. பூத் பெண்கள் கையுறையைக் கழற்றாமல் வந்து நின்றார்கள், ஒருத்தியும் உள்ளே போகவில்லை. வடக்கத்திப் பையன்களும் துண்டை முகத்திலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்தாள், அங்கேயே நின்றாள். போகச் சொன்னாலும் போக மாட்டாள் என்பது தெரிந்தது.

மச்சான்தான் முதலில் நகர்ந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே கலெக்டர் பக்கம் போனான், நானும் பின்னாலேயே போனேன். பெட்டியைத் திறந்து இன்சார்ஜ் கையெழுத்துப் போட்ட டேப்பை நகத்தால் உரித்தான். திருகில் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“எவ்ளோ வெக்கணும் மாமா?”

“கைஸன் வின்னர் நீதான? நீயே கண்டுபுடி” என்றேன்.

என் பெயின்ட் கோடு அழியாமல் அங்கேயே இருந்தது. அதற்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான். கேஜ் குழாயை நான் சொருகினேன். முள் சிவப்பைத் தாண்டிப் போய் முட்டி நின்றது. பிறகு டப் என்று ஒரு அடி விழுந்தது, உள்ளே தூசி சரிந்து தொட்டியில் விழுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

பைகள் தேறவில்லை. அத்தனை நாள் அடைத்துக் கிடந்தது சும்மா உதறினால் போகுமா? எல்லாவற்றையும் கழற்றிப் புதிது மாட்ட வேண்டியிருந்தது, அதுவரை கிரைண்டிங் நின்றது. மேலே இருக்கிறவர்கள் கேட்டபோது இன்சார்ஜ் தன் பேரில் ஒரு கைஸன் போட்டார். பூத்தில் தூசிக் குறைப்பு. அதே இரண்டு போட்டோ, முன்புக்குப் பின்பு, பின்புக்கு முன்பு என்று இடம் மாற்றி ஒட்டியிருந்தார். அவருக்கு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். நான் கை தட்டவில்லை, என் மனைவியும் தட்டவில்லை.

இரண்டாவது தடவை ஊதியபோது பத்தியது, மயிரிழையில்தான். பேர் போகவில்லை. ஆனால் பூத் திரும்பக் கிடைக்கவில்லை, இன்ஸ்பெக்ஷன் மேஜைதான் என்று முடிவாகிவிட்டது. அடுத்தவள் தேய்த்த பீஸைத் தடவிப் பார்த்து, “இன்னா தேச்சிகிறா இவ” என்று முனகுவாள். மாடிப்படியில் இன்னமும் நடுவில் நிற்கிறாள். அவள் நிற்கிற ஒவ்வொரு தடவையும் நான் அவனை மனசாரத் திட்டுகிறேன். விடுவதாக இல்லை.

அடுத்த பொங்கலுக்கும் வந்தான். வராமல் இருந்தால் ஊர் கேட்கும். கரும்பு, மஞ்சள், வெல்லம், புடவை எல்லாம் இருந்தது. பச்சரிசி இந்தத் தடவை மஞ்சப்பையில் வந்தது. பாத்திரம் எதுவும் இல்லை. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன், வா என்று சொல்லவில்லை. அவள்தான் பின்னாலிருந்து கை நீட்டி எல்லாவற்றையும் வாங்கினாள். “இரு, பையக் காலி பண்ணிக் குடுக்கறேன்” என்று உள்ளே போனாள்.

அவன் முகம் மாறியது. “பை வேணாம் மாமா, அக்காவையே வெச்சிக்கச் சொல்லு” என்றான். சொல்லும்போதே பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். நான் பதில் சொல்வதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான்.

அவள் வெளியே வந்தபோது மடித்த பை கையில் இருந்தது, அடியில் கொஞ்சம் கனத்தது. காலித் தெருவைப் பார்த்தாள். “சக்கரதான் போட்டேன்” என்றாள். பிறகு மூச்சு வாங்குவதற்காகப் படியில் உட்கார்ந்தாள்.

நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அந்தச் சர்க்கரையைப் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் டீ வைத்தேன்.